லீஸ், லைசன்ஸ் ரெண்டும் ஒண்ணா? இதுபோல குழப்புற இங்கிலீஷ் சொற்களை இங்கேயே போடுங்க

நெல்லைப்பையன்
ஊர்ல இருந்து மும்பைக்கு மாத்தல் ஆகி வந்திருக்கேன். ஆபீஸ் ஐரோலி, வீடு முலுண்ட்ல பார்த்தாச்சு. புரோக்கர் 'லீவ் அண்ட் லைசன்ஸ்'னு ஒரு டிராஃப்ட் அனுப்பியிருக்கார். முழுசாப் படிச்சேன், ரென்ட்ங்கிற வார்த்தையே இல்ல. டெனன்ட்டும் இல்ல. நான் 'லைசன்ஸி'யாம், ஓனர் 'லைசன்ஸர்' ஆம், மாசாமாசம் கொடுக்கிறது 'லைசன்ஸ் ஃபீ'யாம். "இது லீஸ் தானே அண்ணாச்சி"ன்னு கேட்டா, "அந்த வார்த்தையை ஓனர் முன்னாடி சொல்லிராதீங்க"ங்கார். டிரைவிங் லைசன்ஸ் தெரியும், குடியிருக்க என்ன லைசன்ஸ்? ரெண்டும் ஒண்ணுதானா, இல்ல ஏதாவது உள்குத்தா?

முலுண்ட்வாசி
மும்பை முழுக்க அதுலதான் குடியிருக்கு. கையெழுத்தைப் போட்டுட்டு பால் காய்ச்சுற வழியைப் பாரு தம்பி.

கோர்ட்குமாஸ்தா
போடச் சொல்லுங்கள், ஆனால் என்னவென்று தெரிந்துகொண்டு போடட்டும். நான் வக்கீல் இல்லை. தோபிதலாவ் ஸ்மால் காசஸ் கோர்ட்டுக்குக் கட்டுத் தூக்குகிற குமாஸ்தா. வீட்டு வழக்குதான் அங்கே பாதிச் சோறு.

லீஸ் என்றால் சொத்தின் மேல் உனக்கு ஓர் உரிமை கைமாறுகிறது. சொத்து ஓனருடையதுதான், குறித்த காலத்துக்கு அதை அனுபவிக்கும் உரிமை உன்னுடையது. 1882ஆம் வருஷத்துச் சொத்து மாற்றச் சட்டம், பிரிவு 105. லைசன்ஸ் என்பது அதே 1882இல் வந்த ஈஸ்மென்ட்ஸ் சட்டத்தின் பிரிவு 52: அனுமதி இல்லாமல் நீ செய்தால் அத்துமீறல் ஆகிவிடும் ஒரு காரியத்தை, ஓனர் 'செய்துகொள்' என்று விடுவது. அனுமதி அவ்வளவுதான், சொத்தில் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. சினிமா டிக்கெட் வாங்கி உட்காருகிறோமே, அதற்காக சீட் நம்முடையது ஆகிவிடுமா?

நடைமுறையில் என்ன வித்தியாசம் என்று கேட்பாய். நடுவில் ஓனர் வீட்டை விற்றுவிட்டார் என்று வை. லீஸ் என்றால், வாங்கியவர் உன்னையும் சேர்த்துத்தான் வாங்குகிறார், காலம் முடியும்வரை பொறுக்க வேண்டும். லைசன்ஸ் என்றால் புதியவரை அது கட்டுப்படுத்தாது. ஈஸ்மென்ட்ஸ் சட்டம் பிரிவு 59 நேராகவே சொல்கிறது.

சரி, மும்பையில் மட்டும் ஏன் இந்த வார்த்தைக்கு இவ்வளவு பயம்? 1947இல் பம்பாய் வாடகைச் சட்டம் வந்தது. வாடகை ஏறவும் ஏறாது, ஆளைக் காலி பண்ணவும் முடியாது. முதலில் ஒரு தொகை கொடுத்துவிட்டு, சொற்ப வாடகையில் தலைமுறையாக இருக்கிற 'பகடி' வீடுகளில் இன்றைக்கும் பார்க்கிறீர்களே, அந்தக் கதை. உடனே ஓனர்கள் 'நான் வாடகைக்கே விடவில்லை, லைசன்ஸ்தான் கொடுத்தேன்' என்று எழுத ஆரம்பித்தார்கள். அரசு விடுமா? 1973இல் ஒரு திருத்தம்: பிப்ரவரி 1ஆம் தேதி நடப்பு லைசன்ஸில் உள்ளே இருப்பவர் எல்லாரும் வாடகைதாரர்களே. ராத்திரி லைசன்ஸியாகப் படுத்தவன் காலையில் டெனன்ட்டாக எழுந்தான். பழைய ஓனர் குடும்பங்களில் அந்தத் தேதியை இன்றும் திட்டுவார்கள்.

இப்போது இருப்பது 1999ஆம் வருஷத்து மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். பிரிவு 24 ஓனருக்குத் தைரியம் கொடுத்தது: குடியிருக்கக் கொடுத்த லைசன்ஸின் காலம் முடிந்தால் வெளியே போக வேண்டும், போகாவிட்டால் லைசன்ஸ் ஃபீயைப் போல இரண்டு மடங்கு நஷ்டஈடு. அதனால்தான் இத்தனை வீடு வெளியே விடக் கிடைக்கிறது. உன் புரோக்கர் பயந்தது சரிதான்.

நெல்லைப்பையன்
கோடி நன்றி சார். அப்ப பேப்பர்ல 'லைசன்ஸ்'னு போட்டுட்டா லைசன்ஸ் ஆயிருமா?

கோர்ட்குமாஸ்தா
அங்கேதான் சுவாரஸ்யம். ஆகாது. டெல்லி இம்பீரியல் ஹோட்டலில் 'க்ளோக் ரூம்' எனப்பட்ட அறைகளை முடிதிருத்தும் தொழிலுக்கு விட்டிருந்தார்கள். பத்திரத்தில் லைசன்ஸ் என்றுதான் இருந்தது. 1959இல் உச்ச நீதிமன்றம் அதை லீஸ் என்றது. இடம் முழுசாக யார் கைவசம் இருக்கிறது, இரண்டு பேரும் உண்மையில் என்ன நினைத்தார்கள் என்று பார்க்கச் சொன்னது, தலைப்பை நம்பாதே என்றது. அசோசியேட்டட் ஹோட்டல்ஸ் வழக்கு என்றால் சட்டக்கல்லூரிப் பிள்ளைகள் தூக்கத்தில்கூடச் சொல்வார்கள். இங்கே பல டிராஃப்டில் 'கைவசம் லைசன்ஸரிடமே இருக்கிறது', 'ஒரு சாவி அவரிடம் இருக்கும்' என்றெல்லாம் ஒரு வரி வருவது சும்மா இல்லை.

எழுத்து விஷயம் ஒன்று. பிரிட்டிஷ் வழக்கில் பெயர்ச்சொல்லுக்கு 'சி', வினைக்கு 'எஸ்'. அமெரிக்காவில் இரண்டுக்கும் 'எஸ்'. புரோக்கர் டிராஃப்டில் ஒரே பக்கத்தில் இரண்டும் இருக்கும். அதற்காக யாரும் கோர்ட்டுக்குப் போனதில்லை, விட்டுவிடு.

செம்பூர்_செல்வி
குமாஸ்தா சார், இவன் குழப்பமே வேற. ஊர்ல 'வீடு லீஸுக்கு'ன்னு போர்டு தொங்கினா சட்டத்துல சொல்ற லீஸ் இல்லையே. மொத்தமா சில லட்சம் கொடுத்துட்டு மாச வாடகை இல்லாம இருக்கிறது, போகும்போது முதலை அப்படியே திருப்பி வாங்கிக்கிறது. நம்ம பாட்டிமார் 'ஒத்தி'ன்னு சொல்வாங்க. பெங்களூர்லயும் அதைத்தான் லீஸ்ங்கிறாங்க. மும்பையில அதுக்குப் பேரு 'ஹெவி டெபாசிட்'. இங்க வந்து லீஸ் வேணும்னு கேட்டா புரோக்கர் ஒண்ணு நினைப்பான், ஓனர் ஒண்ணு நினைப்பான், நம்ம ஒண்ணு நினைப்போம்.

நெல்லைப்பையன்
அக்கா கரெக்டா பிடிச்சுட்டீங்க!! எங்க அப்பா போன்ல, "லீஸ்னா நல்லதுதானே, வாடகை மிச்சம்"ங்காங்க.

கோர்ட்குமாஸ்தா
செல்வி சொன்னது முக்கியம். ஹெவி டெபாசிட் வீட்டிலும் இங்கே எழுதுவது லீவ் அண்ட் லைசன்ஸ்தான். முத்திரைத் தீர்வை கணக்குப் போடும்போது திருப்பித் தரும் டெபாசிட்டுக்கு வருஷம் 10 சதவீதம் வட்டி என்று வைத்து அதையும் சேர்ப்பார்கள், மொத்தத்தில் 0.25 சதவீதம். ஊரில் 11 மாதம் போடுவதே ரிஜிஸ்தர் ஆபீஸ் பக்கம் போகாமல் இருக்கத்தான். இங்கே அந்தத் தந்திரம் செல்லாது, 1999 சட்டத்தின் பிரிவு 55 எழுதிப் பதியத்தான் வேண்டும் என்கிறது, 11 மாதமானாலும். பதியவேண்டிய பொறுப்பு ஓனருடையது. பதியாமல் விட்டால், நிபந்தனை இன்னதுதான் என்று நீ சொல்வதே முதலில் எடுபடும், இல்லை என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். சும்மா நோட்டரியிடம் முத்திரை குத்திக்கொண்டு வந்து நீட்டினால் வாங்காதே.

மாட்டுங்கா_மாமா
நல்ல இழை. ஃபோர்ட்ல ஸ்டெனோவா சேர்ந்து செகரட்டரியா ரிட்டயர் ஆனவன் நான். டிக்டேஷன்ல ஒரு சொல் பிசகினா அந்தக் காலத்து துரைமார் பென்சிலைத் தூக்கி எறிவா. இப்போ வர்ற மெயிலைப் பாத்தா வயிறு எரியறது. எண்ணக்கூடியதுக்கு 'ஃப்யூவர்', எண்ணமுடியாததுக்கு 'லெஸ்'. 'லெஸ் பீப்பிள்'னு எழுதறான் எம்.பி.ஏ. படிச்சவன். 'எகனாமிக்'னா பொருளாதாரம், 'எகனாமிகல்'னா சிக்கனம். 'ஹிஸ்டாரிக்'னா சரித்திரத்துல நிக்கறது, 'ஹிஸ்டாரிகல்'னா சரித்திரம் சம்பந்தப்பட்டது. 'டிஸ்இன்ட்ரஸ்டட்'னா ஆர்வமில்லாதவன்னு அர்த்தம் பண்ணிக்கறான். அது 'அன்இன்ட்ரஸ்டட்' ஓய்! முன்னது, தனக்கு ஆதாயம் இல்லாத நடுநிலையாளன்.

விளம்பரக்காரன்
மாமா, கோபப்படாதீங்க. லோயர் பரேல்ல விளம்பரத்துக்கு வரி எழுதிப் பிழைக்கிறவன், இதே சண்டையை வாரம் தவறாம போடுறேன். லெஸ்-ஃப்யூவர் சட்டம் எங்கேருந்து வந்தது தெரியுமா? 1770ல ராபர்ட் பேக்கர்னு ஒருத்தர், 'ஃப்யூவர் இன்னும் அழகா இருக்கும்னு எனக்குத் தோணுது'ங்கிற மாதிரி ஒரு ரசனையா எழுதி வெச்சார். அப்புறம் வந்த வாத்தியாருங்க அதைச் சட்டம் ஆக்கிட்டாங்க. ஒன்பதாம் நூற்றாண்டுல ஆல்ஃபிரட் அரசர் எழுத்துலயே எண்ணக்கூடியதுக்கு லெஸ் வருது. 'லெஸ் பீப்பிள்'னு சொன்னா யாருக்காவது புரியாமப் போகுதா? ஒரு பைசா நஷ்டம் உண்டா? இது வெறும் 'நீ எந்த ஸ்கூல்'னு கண்டுபிடிக்கிற கேட்டு.

'டிஸ்இன்ட்ரஸ்டட்'டும் அப்படித்தான். ஆர்வமில்லாதவன்ங்கிற அர்த்தத்துல 17ஆம் நூற்றாண்டுலயே எழுதியிருக்காங்க.

மாட்டுங்கா_மாமா
பேக்கரும் இருக்கட்டும், ஆல்ஃபிரடும் இருக்கட்டும். லெஸ்ஸை உமக்கே விட்டுக்கொடுக்கறேன், எடுத்துண்டு போம். டிஸ்இன்ட்ரஸ்டடை விடமாட்டேன். சொசைட்டி தகராறுல பஞ்சாயத்துக்கு ஒருத்தர் வேணும். 'எங்களுக்கு ஒரு டிஸ்இன்ட்ரஸ்டட் ஆள் வேணும்'னு எழுதறோம். உம்ம அர்த்தத்துல எடுத்துண்டா, கொட்டாவி விடற ஆளை அனுப்புவான். அந்த இடத்துக்கு வேற ஒத்தைச் சொல் இருந்தா சொல்லும்.

விளம்பரக்காரன்
'இம்பார்ஷியல்'.

கோர்ட்குமாஸ்தா
மத்தியஸ்தச் சட்டம் 1996, பிரிவு 12லும் அதுதான். 'இண்டிபென்டன்ஸ்' (யாரையும் சாராதது), 'இம்பார்ஷியாலிட்டி' (பாரபட்சம் இல்லாதது) என்று இரண்டு. இரண்டும் ஒன்றில்லை என்பது இன்னொரு பெரிய கதை. மாமன் மகன் மத்தியஸ்தராக வந்தால் மனசார நியாயமாகவே இருக்கலாம், அப்போதும் அவர் 'இண்டிபென்டன்ட்' இல்லை.

மாட்டுங்கா_மாமா
ஆனாலும் என் சொல்லுக்கு ஒரு மிடுக்கு உண்டு.

சயான்_நர்ஸ்
ராத்திரி டியூட்டி முடித்து ரயிலில் படித்துக்கொண்டு வந்தேன். விளம்பரக்காரர் 'ஒரு பைசா நஷ்டமா' என்று கேட்டது எனக்குப் பிடித்தது. எங்கள் வேலையில் சொல் குழம்பினால் நஷ்டம் வேறு மாதிரி.

'க்ரானிக்' என்றால் ரொம்ப மோசம் என்றுதான் பாதிப் பேர் நினைக்கிறார்கள். அது காலத்தைச் சொல்வது. கிரேக்கத்தில் க்ரோனோஸ் என்றால் காலம். நீண்ட நாளாக இருப்பது க்ரானிக், திடீரென்று வந்தது 'அக்யூட்'. க்ரானிக் சைனஸோடு காலம் முழுக்க ஓட்டலாம். அக்யூட் அப்பென்டிசைட்டிஸை வைத்துக்கொண்டு ஓட்ட முடியாது. 'க்ரானிக் இல்லியே, வெறும் அக்யூட்தானே' என்று நிம்மதியாகக் கேட்ட சொந்தக்காரர்களைப் பார்த்திருக்கிறேன்.

அதைவிட ஆபத்தான சொல் 'ஸ்டேபிள்'. ஐ.சி.யூ. வாசலில் ராத்திரி முழுக்கச் செருப்பைத் தலைக்கு வைத்துப் படுத்திருப்பார்கள். டாக்டர் வெளியே வந்து 'கிரிட்டிகல், பட் ஸ்டேபிள்' என்று சொல்லிவிட்டு லிஃப்டில் ஏறிவிடுவார். வீட்டுக்காரர்கள் காதில் ஸ்டேபிள் மட்டும் விழும். பெரியவர் உடனே ஊருக்குப் போன் போட்டு, "தேறிட்டான், பயமில்ல, நீங்க கிளம்ப வேண்டாம்" என்பார். டாக்டர் சொன்னது, நிலைமை மோசமாக இருக்கிறது, நேற்று இருந்த அதே மோசத்தில் நிற்கிறது என்று. நான் போய் மெதுவாக, "இன்னும் ஆபத்துல இருந்து வெளிய வரலப்பா, ஊருக்குச் சொல்லிவைங்க" என்று திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும். அந்த வேலையைச் செய்யச் சொல்லி எந்த ரிஜிஸ்டரிலும் எழுதியிருக்காது.

இன்னொன்று, 'இன்ஃபெக்ஷியஸ்', 'கன்டேஜியஸ்'. மழைக்காலம் ஆனால் வார்டு முழுக்க மலேரியா. அது கிருமியால் வருவது, அதனால் இன்ஃபெக்ஷியஸ். பக்கத்துக் கட்டிலில் படுத்தால் ஒட்டாது, நடுவில் கொசு வேண்டும். அதனால் கன்டேஜியஸ் இல்லை. தட்டையும் டம்ளரையும் தனியாக வைத்து மனுஷனை நோகடிக்க வேண்டாம் என்று சொல்லத்தான் இந்த வித்தியாசம் எனக்குத் தேவைப்படுகிறது.

தாராவி_டியூஷன்
அக்கா, 2020ல எங்க சந்துல 'ஐசொலேஷன்', 'குவாரன்டைன்' ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கிட்டாங்க. எந்தக் கூடத்துக்கு யாரைக் கூட்டிப்போறாங்கன்னு தெரியாம அழுதவங்க உண்டு.

சயான்_நர்ஸ்
நோய் வந்தவரைப் பிரித்து வைப்பது ஐசொலேஷன். வந்திருக்கலாம் என்று சந்தேகப்படுபவரைத் தள்ளி வைத்துப் பார்ப்பது குவாரன்டைன். 1377இல் ரகூசா துறைமுகத்தில் பிளேக் ஊரிலிருந்து வந்தவர்களை முப்பது நாள் நிறுத்தினார்கள். பிறகு அது நாற்பது ஆனது, இத்தாலியில் நாற்பதுக்குச் சொல்லும் சொல்லிலிருந்துதான் இந்தப் பெயர். 1896இல் நம் பம்பாயில் பிளேக் வந்து, அதை ஒட்டி 1897இல் தொற்றுநோய்ச் சட்டம் வந்தது. 2020இல் தூசி தட்டி எடுத்ததும் அதே சட்டத்தைத்தான். இரண்டையும் கலந்து, சந்தேகக் கேஸையும் நிஜக் கேஸையும் ஒரே கூடத்தில் போட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

முலுண்ட்வாசி
வீடு தேடின பையன் இழையில ஆஸ்பத்திரி வந்துடுச்சு. சரி நானும் ஒண்ணு. மாகுல் ரிஃபைனரி பக்கம் டேங்கர் பின்னாடி 'ஹைலி இன்ஃப்ளேமபிள்'னு இருக்கும். 'இன்' போட்டா எதிர்ப்பதம் தானே, அப்ப தீப்பிடிக்காதுன்னா எழுதியிருக்கான்?

விளம்பரக்காரன்
இது நிஜமாவே உயிர் போற விஷயம். ஃப்ளேமபிள், இன்ஃப்ளேமபிள் ரெண்டுக்கும் ஒரே அர்த்தம்: தீப்பிடிக்கும். அந்த 'இன்' இல்லைங்கிற 'இன்' இல்ல, லத்தீன்ல 'உள்ளே'ங்கிற 'இன்'. உள்ளே தீ மூட்டுறது. உங்களை மாதிரியே நிறையப் பேர் தப்பா எடுத்துப்பாங்கன்னு பயந்து, 1920கள்ல அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கம் 'ஃப்ளேமபிள்'னே எழுதுங்கன்னு சொல்லிச்சு. இலக்கணப்படி பழைய சொல் சரிதான், ஆனா ஒருத்தன் பீடியைப் பத்தவைக்கிற இடத்துல இலக்கணம் பேசக்கூடாது. மாமா கவனிக்கவும்.

மாட்டுங்கா_மாமா
கவனிச்சேன். நான் பீடி பிடிக்கறதில்லை.

தாராவி_டியூஷன்
என் பக்கத்து அனுபவம். சாயங்காலம் பத்தாம் வகுப்புப் பிள்ளைங்களுக்குப் பாடம் எடுக்கிறேன். வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, ஸ்கூலில் மராத்தியும் இங்கிலீஷும். எந்தத் தப்பு எந்த மொழியிலிருந்து வருதுன்னு பார்க்கிறதே எனக்கு ஒரு பொழுதுபோக்கு.

தமிழ்லேருந்து வர்றது ஒரு ரகம். 'ஷேட்', 'ஷேடோ' ரெண்டும் நமக்கு நிழல்தான். வெயிலுக்கு ஒதுங்குறது ஷேட், நம்ம கூடவே வர்ற உருவம் ஷேடோ. 'மரத்தோட ஷேடோல சாப்பிட்டோம்'னு எழுதுவாங்க. 'லெக்', 'ஃபுட்' ரெண்டும் கால். 'ஷை', 'அஷேம்ட்' ரெண்டும் வெட்கம்: மேடையில பேசக் கூச்சமா இருந்ததுன்னு சொல்ல வந்த பொண்ணு, தலைகுனிஞ்சு அவமானப்பட்ட மாதிரி எழுதி வெச்சிருந்தா. கடன்லயும் அதே கதை. 'பாரோ'ன்னா வாங்குறது, 'லெண்ட்'ன்னா கொடுக்குறது. நம்ம 'கடன்'ங்கிறதை வெச்சுக்கிட்டு வாங்கு, கொடுன்னு வினையை மாத்துறோம். அவங்க சொல்லையே மாத்துறாங்க.

ஆனா ஒரு தப்பு தமிழ்லேருந்து வரவே வராது. 'ஐ வில் ஃபினிஷ் டில் ஃப்ரைடே'ன்னு எழுதுறது. தமிழ்ல வெள்ளிக்கிழமை 'வரை' வேற, வெள்ளிக்கிழமைக்'குள்' வேற. ஒண்ணு 'டில்', ஒண்ணு 'பை', அச்சா பொருந்துது. இந்தியில ரெண்டுக்கும் 'தக்'. மும்பையில பிறந்த நம்ம பிள்ளைங்க வாய் தமிழ் பேசினாலும் இந்த இடத்துல 'தக்'குலதான் யோசிக்குது. ஊர்லேருந்து புதுசா வந்த பிள்ளை இங்கிலீஷ்ல தடுமாறும், இதை மட்டும் சரியா எழுதும்.

நைட்ஷிஃப்ட்
டீச்சர், ஒரு மொழியில ஒத்தைச் சொல் இருந்தா குழப்பம் வரும்னா, இந்தியில நேத்தும் 'கல்', நாளையும் 'கல்'. எந்த இந்திக்காரனும் 'யெஸ்டர்டே', 'டுமாரோ'வைக் குழப்புறதில்லையே?

தாராவி_டியூஷன்
நல்ல கேள்வி. 'கல்' பக்கத்துல எப்பவும் வினை நிக்கும்: ஆயா, ஆயேகா. காலம் அதுல தெரிஞ்சுடும், அதனால மனசுக்குள்ள ரெண்டும் தனித்தனியாத்தான் இருக்கு. நிழலுக்குப் பக்கத்துல அப்படி ஒண்ணும் நிக்கிறதில்ல. கடனுக்கு வினை நிக்குதே, ஏன் குழம்புதுன்னு அடுத்து கேட்பீங்க. அங்க நம்ம வினையில இருக்கிற வித்தியாசம் அவங்க சொல்லுக்கே போயிடுது, அந்த இடமாற்றம்தான் பிள்ளைக்குச் சிக்கல். வாங்கு-கொடுன்னு ரெண்டு பேரை எதிரெதிரா நிக்கவெச்சு ஒரு பேனாவைக் கைமாத்தச் சொன்னா சரியாயிடும்.

நைட்ஷிஃப்ட்
ஒத்துக்கிறேன். ஐரோலி ஆட்கள் எங்க லைன்தான், அதனால நெல்லைத் தம்பிக்கு ஆபீஸ் எச்சரிக்கை. 'ப்ளீஸ் ரிவர்ட்'னா நமக்குப் பதில் போடுங்க. வெளிநாட்டுக்காரனுக்கு 'பழைய நிலைக்குத் திருப்பு'. கோட் எழுதுற டீம்ல ரிவர்ட்னா போட்ட மாற்றத்தைப் பிடுங்குறது. மெயில்ல 'ரிப்ளை'ன்னே போட்டுடு. மீட்டிங்ல 'டேபிள்' பண்ணலாம்னு லண்டன்காரன் சொன்னா இப்பவே பேசலாம், அமெரிக்காக்காரன் சொன்னா இப்போதைக்கு ஒத்திவைக்கலாம். இரண்டாம் உலகப்போர்ல ரெண்டு நாட்டு அதிகாரிகளும் இந்த ஒத்தைச் சொல்லுக்கு நீளமா மல்லுக்கட்டினதை சர்ச்சிலே எழுதியிருக்கார். கடைசியில பார்த்தா ரெண்டு பேருக்கும் வேண்டியது ஒண்ணுதான், உடனே பேசணும்.

தமிழ் ஜெயிக்கிற இடமும் உண்டு. 'வீ வில் பேர் த காஸ்ட்'னு கிளையன்ட் எழுதினா, அது 'நாங்க'ளா 'நாம'ளான்னு தெரியாம எங்க மேனேஜர் முழிப்பார்.

விளம்பரக்காரன்
பார்த்தீங்களா, எல்லாரும் சொன்னதை வரிசையா வெச்சா ரெண்டு குவியல் வருது. ஒரு குவியல்ல லீஸ், ஸ்டேபிள், இன்ஃப்ளேமபிள், ரிவர்ட். தப்பினா யாருக்கோ அடி விழும். இன்னொண்ணு மாமாவோட குவியல். தப்பினா மாமாவுக்கு மட்டும் வயிறு எரியும்.

மாட்டுங்கா_மாமா
சுத்தத் தப்பு. எகனாமிகல்னு எழுதவேண்டிய இடத்துல எகனாமிக்னு எழுதினதால ஒரு டெண்டர் விளம்பரத்தைத் திரும்ப அச்சடிச்சதை நான் பாத்திருக்கேன். யார் செலவுன்னு சண்டை. எந்தக் குவியல்னு முன்கூட்டியே தெரியாது ஓய், அதனால எல்லாத்தையும் சரியா எழுதற பழக்கம் வேணும்.

கோர்ட்குமாஸ்தா
மாமா சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. சாதாரணச் சொல் என்று நினைத்தது கோர்ட்டில் ஏறி நிற்கும். 'தெஃப்ட்', 'பர்க்லரி' இரண்டையும் நாம் திருட்டு என்று விட்டுவிடுகிறோம். கடைக்கு எடுக்கும் பர்க்லரி பாலிசியில், பூட்டை உடைத்தோ பலாத்காரமாகவோ நுழைந்து திருடினால்தான் பர்க்லரி என்று வரையறை போட்டிருப்பார்கள். பலப்பிரயோகம் இல்லாமல் நடந்த வெறும் திருட்டுக்கு அந்தப் பாலிசியில் பணம் கிடையாது என்று 2004இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. வேலைக்காரப் பையனே கல்லாவைத் திறந்து எடுத்துப் போனால் அது தெஃப்ட், பாலிசி கையை விரிக்கும்.

லோக்கல் ரயில்காரர்களுக்கும் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் பழைய ஐ.பி.சி. போய் பாரதிய நியாய சன்ஹிதா நடக்கிறது. அசந்த நேரத்தில் பையிலிருந்து போனை எடுத்தால் தெஃப்ட், பிரிவு 303. கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கினால் 'ஸ்னாச்சிங்', பிரிவு 304, இது புதிதாக வந்தது. கதவோரம் நிற்பவன் கையில் தடியால் ஒரு ஃபட்கா போட்டு, போன் விழுந்ததும் தூக்கிக்கொண்டு ஓடினால் காயம் சேர்ந்துவிட்டது, அது 'ராபரி' ஆகலாம், பிரிவு 309, தண்டனை பத்து வருஷம் வரை. ஐந்து பேர் சேர்ந்து செய்தால் 'டக்காய்ட்டி'. ஸ்டேஷனில் மட்டும் 'தொலைஞ்சு போச்சு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். தொலைந்ததற்கு ஒரு ரசீது மட்டும் கிடைக்கும், வழக்கு கிடைக்காது.

செம்பூர்_செல்வி
என் தம்பிக்கு இப்படித்தான் எழுதிக் கொடுத்தாங்க. அவனும் சரின்னு தலையாட்டிட்டு வந்துட்டான். இந்த வரியை அவனுக்கு அனுப்புறேன்.

நெல்லைப்பையன்
எல்லாருக்கும் நன்றி. குமாஸ்தா சார், கடைசியா ரெண்டு சந்தேகம். டிராஃப்ட்ல 'லாக்-இன் பீரியட் ஆறு மாசம்'னும் இருக்கு, 'நோட்டீஸ் பீரியட் ஒரு மாசம்'னும் இருக்கு. ஒரு மாசம் முன்னாடி சொன்னா போதும்தானே? டெபாசிட் பத்தி, 'லைசன்ஸர் மே ரிஃபண்ட்'னு போட்டிருக்கு. அது சரியா?

கோர்ட்குமாஸ்தா
முதலாவது: லாக்-இன் என்றால் அந்த ஆறு மாதம் கிளம்பவே முடியாது, கிளம்பினால் மிச்ச மாதத்துப் பணம் கேட்பார். நோட்டீஸ், லாக்-இன் தாண்டிய பிறகு கிளம்ப நினைத்தால் எவ்வளவு முன்னால் சொல்ல வேண்டும் என்பது. மூன்றாவது மாதம் நோட்டீஸ் கொடுத்தால் நான்காவது மாதம் விடுதலை என்று கணக்குப் போடாதே. அந்த வரியில் 'ஐதர் பார்ட்டி' என்று இருக்கிறதா, 'த லைசன்ஸி' என்று இருக்கிறதா பார். பின்னது என்றால் நீ மட்டும்தான் கட்டுப்பட்டவன், அவர் உன்னை எப்போது வேண்டுமானாலும் எழுப்பலாம்.

இரண்டாவது: 'மே' என்றால் கொடுத்தாலும் கொடுக்கலாம். 'ஷல்' என்றால் கொடுத்தே ஆக வேண்டும். மாற்றச் சொல். அப்படியே, எப்போது என்பதையும் பார். 'காலி செய்யும் அதே நேரத்தில்' என்று இருக்க வேண்டும், சாவி ஒரு கையில், பணம் ஒரு கையில். 'ஆஃப்டர்' என்று இருந்தால் எத்தனை நாள் என்று எண் போடச் சொல். சுவரில் ஆணி அடித்தது, பெயின்ட் போனது என்று கழிப்பதற்கு 'நார்மல் வேர் அண்ட் டேர்' நீங்கலாக என்று ஒரு துண்டு இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்.

நெல்லைப்பையன்
புரோக்கர்ட்ட பேசிட்டேன். 'மே'யை 'ஷல்' ஆக்கித் தாரேன்னுட்டார். சாவி கொடுக்கும்போதே டெபாசிட்டும் ஓகே. லாக்-இன்னுக்கு 'ஐதர் பார்ட்டி' போடுறது மட்டும் ஓனரைக் கேட்கணுமாம். எங்க அப்பாகிட்ட 'லீஸ் இல்லப்பா, லைசன்ஸ்'னு சொன்னா, "அப்ப ஆர்.டி.ஓ. ஆபீஸ் போகணுமா"ங்காங்க. சரி, முலுண்ட் மேற்குல நம்மூர்ச் சாப்பாடு எங்க கிடைக்கும்?

முலுண்ட்வாசி
அதுக்குத் தனி இழை இருக்கு தம்பி, அங்க கேளு. மீன் குழம்புக்காரங்களும் சாம்பார்க்காரங்களும் ஏற்கெனவே அடிச்சுக்கிட்டு இருக்காங்க.